மடியில் ஒரு தட்டு: கிரெனோபிள் நாட்குறிப்பு

முதல் நாள், ஞாயிறு

பாதுகாப்புச் சோதனையில் எங்கள் முறை வந்தபோது பின்னால் நீண்ட வரிசை. தம்பி கையில் இருந்த தெர்மகோல் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பூத்துவாலையில் சுற்றிய இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள். தட்டுக்கு 24 குழிகள். குழிக்குக் குழி வட்டக் கண்ணாடி மூடி, மூடியின் அடியில் தொங்கும் ஒரு துளி.

"என்ன இது?"

"புரோட்டீன் சார்."

"உடம்பு ஏத்தக் குடிக்கிறதா?"

"இல்ல சார், பாக்டீரியாவோட..."

அவ்வளவுதான். பாக்டீரியா என்ற சொல்லை விமான நிலையத்தில் உதிர்க்கக் கூடாது என்று இன்று கற்றுக்கொண்டோம். மூன்று அதிகாரிகள், இருபது நிமிடம், நான்கு கடிதங்கள். கிருமி எதுவும் இல்லை, கிருமியின் ஒரு நொதி மட்டும் தண்ணீரில் கரைந்திருக்கிறது, அதில் சில துளிகளில் படிகமாகியிருக்கிறது என்று விளக்கினேன். கடைசியில் மூத்தவர் ஒருவர் வந்து, "எக்ஸ்ரேயில விடலாமா, கெட்டுப்போயிடுமா?" என்று கேட்டார். அதற்குத்தான் சார் பிரான்ஸ் வரை போகிறோம் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு, "விடலாம் சார், சாய்க்காம மட்டும் விடுங்க" என்றேன்.

தம்பி என் கூடப் பிறந்தவன் இல்லை. ஆய்வகத்தில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, தூத்துக்குடிக்காரன். முதல் விமானப் பயணமே இதுதான். ஜன்னல் இருக்கை கிடைத்தும் வெளியே பார்க்காமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு துபாய் வரை அசையாமல் வந்தான். சாப்பாட்டுத் தட்டு வந்தபோது நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். அவன் சாப்பிட்டதும் திரும்ப அவன் மடிக்குப் போயிற்று. குலுங்கினால் துளி மூடியிலிருந்து வழுக்கிக் கீழே குழிக்குள் விழுந்துவிடும். நாலு மாத உழைப்பு அந்தத் துளியில் இருக்கிறது.

போகிற இடம் கிரெனோபிள், ஆல்ப்ஸ் மலை அடிவாரம். அங்கே ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் நிலையம் இருக்கிறது, சுருக்கமாக இ.எஸ்.ஆர்.எஃப். படிகத்தின் மேல் மிக வலுவான எக்ஸ்ரே அடித்து, அதில் உள்ள புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்கலாம். இந்த வேலைக்கு இப்போதெல்லாம் பெரும்பாலும் யாரும் நேரில் போவதில்லை. படிகங்களை உறையவைத்துக் கூரியரில் அனுப்பிவிட்டு, ஊரில் இருந்தபடியே கணினி வழியாக அங்குள்ள ரோபோவை ஓட்டுவார்கள். நாங்களும் 48 படிகங்களைப் போன வாரமே அனுப்பிவிட்டோம். அனுப்பிய பிறகுதான் இந்த இரண்டு தட்டுகளில் புதிதாக வளர்ந்தன. "நேரில் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், தம்பியும் கற்றுக்கொள்வான்" என்று எங்கள் ஆய்வகத் தலைவர் சார் சொல்லிவிட்டார்.

லியோனில் இறங்கி, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இருட்டிவிட்டதால் மலைகள் தெரியவில்லை. உயரத்தில் அங்கங்கே விளக்குகள் மட்டும், ஆகாயத்தில் யாரோ குடியிருப்பது போல. விருந்தினர் விடுதி அறையில் தட்டுகளை ஹீட்டருக்குத் தூரமாக, மேசை மேல் வைத்தாயிற்று. தூக்கம் சொக்குகிறது.

இரண்டாம் நாள், திங்கள்

திரையை விலக்கினால் எதிரே மலை. வலது பக்கம் திரும்பினால் இன்னொன்று. வடக்கே ஷார்த்ரூஸ், மேற்கே வெர்கோர், கிழக்கே பெல்தோன். பெல்தோன் உச்சியில் அக்டோபரிலேயே பனி விழுந்திருக்கிறது. இசேர், திராக் என்று இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில், அந்த முக்கோண நிலத்தில் ஆய்வு நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவே பெரிய தட்டை வளையம்போல சிங்க்ரோட்ரான் கட்டடம். உள்ளே எலக்ட்ரான்கள் ஓடும் வளையத்தின் சுற்றளவு 844 மீட்டர். ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடுவதால் ஒரு நொடியில் மூன்றரை லட்சம் சுற்றுக்கு மேல். காந்தங்கள் அவற்றை வளைக்கும்போதெல்லாம் எக்ஸ்ரே வெளியே தெறிக்கிறது. அந்த ஒளி ஒவ்வொரு குழாய் வழியாகவும் வெளியே வரும் இடம்தான் பீம்லைன். 1994-ல் ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள். பழைய வளையத்தைக் கழற்றிவிட்டு அதே சுரங்கத்தில் புதிதாகக் கட்டி 2020 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். இந்தியாவின் உயிர்த் தொழில்நுட்பத் துறை இங்கே சில ஆண்டுகள் பி.எம்.14 என்ற பீம்லைனை நடத்துவதில் பங்கெடுத்திருக்கிறது. சார் அந்தக் காலத்து ஆள்.

காலையில் பாதுகாப்பு வகுப்பு, கதிர்வீச்சு அளக்கும் பட்டை. பதினொரு மணிக்கு எங்கள் நைட்ரஜன் குடுவை வந்துவிட்டதா என்று பார்க்கப் போனோம்.

வந்திருந்தது. படுத்த வாக்கில்.

பால் கேன் அளவுக் குடுவை. உள்சுவரில் பஞ்சு போன்ற பொருள் திரவ நைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும். நிமிர்ந்து நின்றால் பத்து நாள் வரை குளிர் தாங்கும். படுக்கப்போட்டால் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். நான்கு பக்கமும் மேல்நோக்கிய அம்புக்குறி ஒட்டியிருந்தோம். கூரியர்காரர்களின் பெயர் வேண்டாம், திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. உள்ளே வைத்திருந்த வெப்பப் பதிவுக் கருவியைக் கணினியில் சொருகினேன். வெள்ளி இரவு வரை மைனஸ் 196-ல் நேர்கோடு. சனி நள்ளிரவுக்கு மேல் கோடு மெல்ல நிமிர்ந்து, ஞாயிறு மதியம் பிளஸ் 19. தம்பி திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, நாப்பத்தெட்டும் போச்சா?" நாற்பத்தெட்டும்தான்.

ஆக, விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த அந்த இரண்டு தட்டுகள்தான் இனி எங்கள் மொத்தச் சொத்து.

எதற்காக இவ்வளவு பாடு என்று வீட்டில் அம்மா கேட்பாள், அவளுக்குச் சொல்வதுபோல இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவுக்குள் அழுத்தம் அதிகம். சுற்றிலும் சுவர் இல்லாவிட்டால் தண்ணீர் புகுந்து வெடித்துவிடும். அந்தச் சுவர் செங்கல் சுவர் இல்லை, கயிற்றுக் கட்டில் மாதிரி. நீள வாக்கில் சர்க்கரை இழைகள். இழைக்கும் இழைக்கும் குறுக்கே சின்னச் சின்ன அமினோ அமிலக் கயிறுகள். ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு கோத்திருக்கும். கயிற்றை முடிச்சுப் போடும் நொதி இந்த நுனியைப் பிடித்து, கடைசி அலனினை வெட்டிப் போட்டுவிட்டு, பக்கத்து இழையோடு கட்டும். பெனிசிலின் அந்த நுனியைப் போல வேஷம் போட்டு, கட்டுகிற நொதியின் கையை மாட்டிவைத்துவிடுகிறது. வான்கோமைசின் என்ற இன்னொரு மருந்து நேராக அந்த நுனி மேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் என்ன செய்தன தெரியுமா? கடைசி அலனினுக்குப் பதிலாக லாக்டேட் வைத்தன. ஒரே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு குறைந்தது. வான்கோமைசினின் பிடி ஆயிரம் மடங்கு தளர்ந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. நம் உடம்பின் புரதங்கள் எல்லாம் இடக்கை வகை அமினோ அமிலங்களால் ஆனவை. இந்த நுனியில் இருப்பதோ வலக்கை அலனின். இடக்கால் செருப்பு வலக்காலில் ஏறாதது போல, சாதாரணப் புரதம் வெட்டும் நொதிகள் இதில் ஏறுவதில்லை.

அந்த இரண்டு வலக்கை அலனின்களையும் முதலில் ஜோடியாகக் கோத்துக் கொடுக்கிற நொதிதான் எங்களுடையது. பெயர் டி-அலனின் டி-அலனின் லைகேஸ், கூப்பிடுவது டி.டி.எல். என்று. எந்தக் கிருமியின் டி.டி.எல். என்று இப்போது எழுதினால் சார் கொன்றுவிடுவார். மருத்துவமனையில் கிடைக்கிற கிருமி என்பதோடு விடுகிறேன். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் டி.டி.எல். வடிவம் 1994-லேயே தெரிந்துவிட்டது. சைக்ளோசெரின் என்ற பழைய காசநோய் மருந்து இந்த நொதியைத் தடுக்கிறது. பார்வைக்கு அலனின் போலவே இருக்கும் குட்டி மூலக்கூறு. 2017-ல் வந்த ஆய்வு ஒன்று, ஈ.கோலை நொதி அந்த மருந்தையும் அலனின் என்று நம்பி அதன் மேல் பாஸ்பேட் ஏற்றிவிடுகிறது, ஏற்றியதும் அதுவே நொதிக்குள் மாட்டிக்கொள்கிறது என்று படிகத்தில் காட்டியது. எங்கள் கிருமியிலும் அப்படித்தானா என்று பார்க்க வேண்டும். சைக்ளோசெரின் மனசைக் கலக்குகிற மருந்து. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் பெரியப்பா சுவரோடு பேசியது எனக்கு நினைவிருக்கிறது. கொஞ்சம் நல்ல மருந்தாக ஒன்று செய்ய வேண்டுமென்றால், பழையது எப்படிப் பிடிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

இரவு உணவகத்தில் பாலேட்டில் வெந்த உருளைக்கிழங்கு. தம்பி அதன் மேல் இட்லிப்பொடி தூவிச் சாப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள், செவ்வாய்

எங்கள் ஷிப்ட் நாளைக் காலையில்தான். காலையில் ஊருக்குள் போனோம். டிராமில் கால் மணி நேரம். ஆற்றங்கரையிலிருந்து பஸ்தீய் கோட்டைக்குக் கண்ணாடிக் கோளங்கள் கம்பியில் தொங்கிக்கொண்டு ஏறுகின்றன. இந்தக் கம்பி வண்டி 1934-லிருந்து ஓடுகிறது. தம்பி கோளத்துக்குள்ளும் கையை மடியில் குவித்தபடியே உட்கார்ந்திருந்தான். பெட்டி அறையில் இருக்கிறது என்று நினைவுபடுத்தினேன்.

மேலே இருந்து பார்த்தால் சிங்க்ரோட்ரான் வளையம் ஆற்றோரம் வைத்த வளையல் மாதிரி. அங்கே நின்றபோது எனக்கு ஃபூரியே நினைவு. ஜோசப் ஃபூரியே 1802 முதல் 1815 வரை இந்த மாவட்டத்தின் நிர்வாகத் தலைவர், நம் ஊர்க் கணக்கில் கலெக்டர். நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்வந்தவர். இங்கே உட்கார்ந்து கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, வெப்பம் பரவுவதைக் கணக்கிட அலைகளின் கூட்டுத்தொகை என்ற யோசனையைப் பிடித்தார். 1807-ல் பாரிஸுக்கு அனுப்பினார், பெரியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகமாக வந்தது 1822-ல். எக்ஸ்ரே புள்ளிகளிலிருந்து மூலக்கூறைத் திரும்ப எழுப்ப நாங்கள் தினமும் பயன்படுத்துவது அந்தக் கணக்கைத்தான். இதே ஊரில் படித்த ஷம்போலியோன் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டியதும் அதே 1822-ல். சிறுவனாக இருந்த அவருக்கு எகிப்து ஆர்வத்தை ஊட்டியவர்களில் இந்தக் கலெக்டரும் ஒருவர். தெரியாத எழுத்தைப் பக்கத்தில் இருக்கும் தெரிந்த எழுத்தை வைத்து உடைப்பது என்பதும் எங்கள் தொழிலில் உண்டு. அது நாளை மறுநாள் சமாசாரம்.

சந்தையில் தோலோடு வால்நட் ஒரு கிலோ வாங்கினோம். இந்த ஊர் வால்நட்டுக்கு 1938-லிருந்து புவிசார் பெயர்க் காப்பு உண்டு. நம் மதுரை மல்லி மாதிரி.

மதியம் வேலை. ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் முதல் தட்டை வைத்தோம். ஒரு துளியும் விழவில்லை. தம்பி அப்போதுதான் மூச்சு விட்டான் என்று நினைக்கிறேன்.

முதல் தட்டில் கண்ணைப் பறிக்கிற படிகங்கள். பட்டை தீட்டிய கற்கண்டு போல, முகமுகமாக, விளிம்பு கூர்மையாக, கால் மில்லிமீட்டர் அளவு. ஒரே ராத்திரியில் வளர்ந்தவை. இரண்டாவது தட்டில் இருப்பவற்றைப் படிகம் என்று சொல்லவே கூச்சம். மெல்லிய ஏடுகள், ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, உடைந்த அப்பளக் கட்டு மாதிரி. மூன்று வாரம் எடுத்து வளர்ந்தவை.

உறையவைப்பது இப்படி. கண்ணாடி மூடியை இடுக்கியால் தூக்கித் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஊசி முனையில் தலைமுடியை விட மெல்லிய நைலான் இழையால் ஆன வளையம் இருக்கும், எள்ளை விடச் சின்னது. அதைத் துளிக்குள் விட்டு, படிகத்துக்கு அடியில் கொண்டுபோய், மேலே தூக்கினால் வளையத்துக்குள் நீர்ப்படலத்தோடு படிகம் நிற்கும். நின்றால். பாதி நேரம் வழுக்கி ஓடும். பிடித்ததும் கிளிசரின் கலந்த கரைசலில் ஒரு முக்கு. இல்லாவிட்டால் உள்ளே பனிக்கட்டி உருவாகிப் படிகத்தை உடைத்துவிடும். உடனே திரவ நைட்ரஜனில் செருக வேண்டும். துளி காற்றில் காய்வதற்குள் இவ்வளவும். வலை வீசுகிற ஊர்க்காரன் என்பதாலோ என்னவோ, தம்பியின் கை என் கையை விட நிதானம். கற்கண்டில் 12 அவன் எடுத்தான். அப்பளக் கட்டை நான் ஊசியால் நெம்பிப் பிரித்து 10 எடுத்தேன். கடைசி இரண்டுக்கு வந்தபோது கிளிசரின் கரைசல் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பி.இ.ஜி. 400 கலந்ததில் முக்கினேன், அதுவும் பனிக்கட்டி உருவாகாமல் காக்கும் பொருள்தான். குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

நான்காம் நாள், புதன் (வியாழன் விடிகாலை என்றும் சொல்லலாம்)

24 மணி நேரம் எங்களுக்கு. பீம்லைனில் எங்களுக்கு உதவ இருந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த விஞ்ஞானி, கலகலப்பான பெண்மணி. காரீயச் சுவர் வைத்த அறைக்குள் ஆள் யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்துப் பொத்தான்களை அமுக்கிவிட்டு வெளியே வந்தால், மணி அடித்துக் கதவு தானே சாத்திக்கொள்கிறது. அதன்பின் எல்லாம் திரையில்தான். ரோபோவின் கை நைட்ரஜன் தொட்டியிலிருந்து ஊசியை எடுத்துவந்து வைக்கிறது. மைனஸ் 173 டிகிரி குளிர்காற்று அதன் மேல் வீசிக்கொண்டே இருக்கிறது. திரையில் வளையம் தெரிகிறது, நடுவில் நம் படிகம்.

முதலில் அழகானதை வைத்தோம். ஒரே ஒரு சோதனைப் படம். திரை முழுக்கப் புள்ளிகள், விளிம்பு வரை, அச்சடித்தது போல. 1.4 ஆங்ஸ்ட்ராம். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு; எண் குறையக் குறையப் படம் தெளிவு. இது ஏறக்குறைய அணுவுக்கு அணு தனித்தனியாகத் தெரியும் அளவு. தம்பி என் தோளைத் தட்டிவிட்டு உடனே "ஸாரிக்கா" என்றான். நான் காணொளியில் இருந்த சாரிடம் எண்ணைச் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்து ஆறு மாதமாகிறது.

முழுத் தரவும் எடுத்தோம். படிகத்தைப் பத்தில் ஒரு டிகிரி வீதம் திருப்பித் திருப்பி 3600 படங்கள், ஒரு நிமிடத்தில் முடிந்தது. கணினி தானே கணக்குப் போட்டு, படிகத்துக்குள் திரும்பத் திரும்ப வரும் பெட்டியின் நீள அகல உயரத்தைத் திரையில் காட்டியது.

79, 79, 37.

ஸ்பானியப் பெண்மணி நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். எண்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "லைசோசைம் போட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு வயிற்றில் எதுவோ இறங்கியது. 79, 79, 37 என்பது படிகவியல்காரர்கள் எல்லோருக்கும் சொந்தத் தொலைபேசி எண் மாதிரி. கோழி முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைமின் பெட்டி அளவு. புதிதாக வேலை பழகுகிறவர்கள் முதலில் வளர்க்கும் படிகம் அதுதான். பீம்லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைப்பதும் அதுதான். உப்பும் அசிடேட்டும் இருந்தால் ஒரே ராத்திரியில் கற்கண்டு போல வளரும். எங்கள் முதல் தட்டில் அந்தக் குழிகளில் இருந்ததும் உப்பும் அசிடேட்டும்தான்.

எப்படி வந்தது? நான்தான் போட்டேன். எங்கள் நொதியை ஈ.கோலைக்குள் வளர்க்கிறோம். பிறகு அந்த ஈ.கோலையை உடைத்து நொதியை வெளியே எடுக்க வேண்டும். உடைக்க ஒரு சிட்டிகை லைசோசைம் போடுவது வழக்கம், ஏனென்றால் அது பாக்டீரியாவின் சுவரை அரித்துத் தின்னும். புரதங்களைப் பிரிக்கும் நிக்கல் தூணில் நொதியைப் பிடித்துவிட்டு, கடைசியாக அளவு வாரியாகப் பிரிக்கிற தூணிலும் ஓட்டினால் லைசோசைம் விலகிவிடும். அந்த வாரம் எங்கள் ஆய்வகத்தில் பம்பு பழுது. அவசரம். கடைசித் தூணை நான் விட்டுவிட்டேன். சுவரைக் கட்டுகிற நொதியைப் பார்க்கப் புறப்பட்டு, சுவரை இடிக்கிற நொதியைத் துபாய் வழியாக மடியில் சுமந்து வந்திருக்கிறோம்.

அதன் வடிவம் தெரிந்து அறுபது வருடமாகிறது. ஃபிளெமிங் 1922-ல், பெனிசிலினுக்கு முன்னால், மூக்குச் சளியில் கண்டுபிடித்த பொருள். 1965-ல் லண்டனில் டேவிட் ஃபிலிப்ஸ் குழு அதன் அமைப்பைக் கண்டது. உலகத்தில் முதன்முதலில் முப்பரிமாண வடிவம் தெரிந்த நொதியே இதுதான்.

சாருக்கு எழுதினேன். அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு முட்டைப் படம் மட்டும் வந்தது.

மீதி 11 கற்கண்டையும் தொடவில்லை. அப்பளங்களுக்கு வந்தோம். முதலாவதில் பனி வளையங்கள் மட்டும். இரண்டாவதில் எதுவுமே இல்லை. மூன்றாவது நாலு ஆங்ஸ்ட்ராமோடு நின்றது. ஏட்டின் முகத்தைப் பார்த்து எக்ஸ்ரே அடிக்கும்போது புள்ளி கூர்மையாக இருக்கும். திருப்பி விளிம்பைக் காட்டினால் ஈர விரலால் இழுத்த மைபோலத் தேய்ந்துவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்பானியப் பெண்மணி வீட்டுக்குப் போனார். போகும்போது ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார்: ஒரே இடத்தில் அடிக்காதே, எக்ஸ்ரே பட்ட இடம் செத்துக்கொண்டே வரும், ஏட்டின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நகர்த்திக்கொண்டே எடு.

ஏழாவது ஊசி, இரவு 1.40. நகர்த்தி எடுத்ததில் 2.4 ஆங்ஸ்ட்ராம். பெட்டி 62, 98, 118. தம்பி உடனே கைபேசியில் தேடிவிட்டு, "இது முட்டை இல்லக்கா" என்றான். எட்டாவது 2.5. கடைசியாக, பி.இ.ஜி.யில் முக்கியதில் உயிரோடு இருந்த ஒன்று, 2.7. அவ்வளவுதான் மொத்த அறுவடை. விடிகாலை நாலு மணிக்கு வால்நட் உடைக்க எதுவும் கிடைக்காமல் கதவிடுக்கில் வைத்து உடைத்துத் தின்றோம். காரீயக் கதவில்லை, கழிப்பறைக் கதவு.

ஐந்தாம் நாள், வியாழன்

பத்து மணிக்கு எழுந்து, விடுதி வரவேற்பறையிலேயே மடிக்கணினியோடு உட்கார்ந்தோம்.

புள்ளிகள் கிடைத்துவிட்டால் வடிவம் கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. வாசலில் புள்ளி வைத்திருக்கிறார்கள், எது பெரியது எது சின்னது என்றும் தெரிகிறது, இழையை எங்கே வளைத்தார்கள் என்பது மட்டும் அழிந்துபோன கோலம் மாதிரி அது. ஒவ்வொரு புள்ளிக்கும் அலை எந்த இடத்தில் ஏறி இறங்கியது என்ற தகவல் இல்லாமல் ஃபூரியே கணக்கு ஓடாது. அந்தத் தகவல் தரவில் இல்லை. வழி என்னவென்றால், ஏறக்குறைய இதே போன்ற புரதத்தின் தெரிந்த வடிவத்தை எடுத்துப் பெட்டிக்குள் எல்லாக் கோணத்திலும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பது. நேற்று முன்தினம் சொன்ன ஷம்போலியோன் வழி. இப்போது தெரிந்த வடிவம்கூட வேண்டாம், ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் ஊகித்துக் கொடுப்பதே போதும். ஊகத்தில் நம்பிக்கை குறைந்த வளைவுகளை வெட்டிவிட்டு ஓட்டினோம். மதிப்பெண் 8-ஐத் தாண்டினால் அநேகமாக விடை சரி. எங்களுக்கு 31. இரண்டு டி.டி.எல்.கள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தன.

நீல வலைபோல எலக்ட்ரான் அடர்த்தி திரையில் விரிந்தது. நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தம்பி முதல் தடவை. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் ஒன்றின் இரட்டை வளையம் வலைக்குள் கச்சிதமாகப் படுத்திருப்பதைப் பெரிதாக்கி அவனுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே சுழற்றிக்கொண்டிருந்தான்.

பிறகு நொதி வேலை செய்கிற நடுக்குழி. ADP இருக்கிறது, பாஸ்பேட்டின் இரண்டு முண்டுகளும் தெளிவு. மருந்தோடு நாங்கள் கலந்தது ATP, மூன்று பாஸ்பேட் உள்ள ஆற்றல் மூலக்கூறு; அதில் ஏதோ வேலை நடந்து ஒரு பாஸ்பேட் கழன்றிருக்கிறது. பக்கத்தில், அலனின் உட்காரும் இடத்தில், ஒரு பச்சைக் கட்டி. தரவில் இருந்து நம் மாதிரியில் இல்லாததைத் திரை பச்சையாகக் காட்டும், மாதிரியில் இருந்து தரவில் இல்லாததைச் சிவப்பாக. எதுவோ இருக்கிறது. தம்பி பாஸ்பேட் ஏற்றிய சைக்ளோசெரினை எடுத்து அதில் பொருத்தினான். சுற்றிலும் சிவப்பு, அவ்வளவு பெரிய பொருளுக்கு அங்கே அடர்த்தி போதாது. மருந்தை மட்டும் வைத்தான், சிவப்பு. தண்ணீர் வைத்தான், பச்சை மிஞ்சியது. நான் கிளிசரினை வைத்தேன். கையுறை போலப் பொருந்தித் தொலைத்தது.

"அக்கா, நாம போட்டதுதான் நமக்கே திரும்பி வருது," என்றான். முதலில் லைசோசைம், இப்போது கிளிசரின்.

மதியம் ஸ்பானியப் பெண்மணி வந்து எட்டிப் பார்த்தார். இந்த வளாகத்திலேயே இருக்கும் ஐ.பி.எஸ். என்ற கட்டமைப்பு உயிரியல் ஆய்வு நிறுவனத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே ஓட்டோ டிடெபர்க் குழு 1996-ல் நிமோனியா கிருமியின் பெனிசிலின் பிடிக்கும் நொதியின் வடிவத்தையும், அடுத்த வருடம் இதே சுவர் வேலையில் எங்கள் நொதிக்கு உறவுக்காரனான மர்-டி நொதியின் வடிவத்தையும் கண்டார்கள். அப்புறம், "ராமா பார்த்தாயா?" என்று கேட்டார். தம்பி விழித்தான். ராமச்சந்திரன் வரைபடம். புரதத்தின் முதுகெலும்பு எந்தக் கோணங்களில் மடங்கலாம், எதில் மடங்கவே முடியாது என்று 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் போட்ட கணக்கு. உலகத்தில் எந்த மூலையில் புரத வடிவம் கண்டாலும் இதில் தேறாமல் வெளியிட முடியாது. அந்தப் பல்கலைக்கழக வளாகம் இருக்கும் கிண்டியை நான் தினம் பேருந்தில் தாண்டும்போது இதை நினைப்பதில்லை. இங்கே அவர் 'ராமா' என்று செல்லமாகச் சொன்னபோது என்னவோ போல் இருந்தது. முழுப் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். 'ச்ச' வரவில்லை. எங்கள் மாதிரியில் ஒரே ஒரு அமினோ அமிலம் எல்லைக்கு வெளியே நின்றது. பார்த்தால் அது நான் அவசரத்தில் தப்பாகத் திருப்பியது. திருத்தினேன்.

இரவு, பி.இ.ஜி.யில் முக்கியெடுத்த அந்தக் கடைசிப் படிகத்தின் தரவைத் திறந்தோம். அதில் கிளிசரின் இருக்க வழியே இல்லை. ஆனாலும் அதே இடத்தில் கட்டி இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவும் இருக்கிறது. 2.7 ஆங்ஸ்ட்ராமில் இன்னது என்று சத்தியம் செய்ய முடியாது. தம்பி மருந்தைப் பொருத்திப் படம் எடுத்து வைத்திருக்கிறான். நான் வெற்றிடமாகவே விட்ட படத்தை சாருக்கு அனுப்பினேன். இந்த முறை முட்டை வரவில்லை. "கிளிசரின் இல்லாமல் இன்னும் இருபது வளர்" என்று வந்தது.

ஆறாம் நாள், வெள்ளி

குடுவையைக் காலியாகவே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டோம். தட்டுகளில் இரண்டாவதைத் துடைத்துப் போட்டாயிற்று, அதில் இனி எதுவும் இல்லை. முதல் தட்டில் மட்டும் மீதிக் கற்கண்டுகள் அப்படியே மின்னிக்கொண்டிருந்தன. தூக்கிப் போடத் தம்பிக்கு மனசு வரவில்லை. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்றான்.

லியோன் விமான நிலையத்தில் மறுபடி அதே தெர்மகோல் பெட்டி, அதே பூத்துவாலை. பாதுகாப்பு அதிகாரி தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். நான் கடிதங்களை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். அதற்குள் தம்பி பதில் சொல்லிவிட்டான்.

"முட்டை வெள்ளைக்கரு, சார்."

அதிகாரி தோளைக் குலுக்கிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். விமானம் ஏறியதும் தம்பி அதை மடியில் வைத்துக்கொண்டான். இந்தத் தடவை ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான்.